எதோடு விழுங்குகிறீர்கள்

கோட்காவில் மே மாதம் இரண்டாம் வாரம்
பிர்ச் மரங்கள் ஒரே இரவில் மனம் மாறும்.
விடிந்தால் கார்க் கண்ணாடியில் மஞ்சள்,
தபால் பெட்டியின் தலையில் மஞ்சள்,
துறைமுகத்துத் தண்ணீரின் ஓரத்தில்கூட
யாரோ கழுவிவிட்டது போல ஒரு கோடு.
என் அறைக்கு வெளியே
வரிசையாகத் தும்முகின்றன நாற்காலிகள்.

ரய்மோ பெல்கோனன், ஐம்பத்தெட்டு.
முதல் முறை அவருக்கு ஏழு நிமிடம் கொடுத்தேன்.
கண் ரத்தச் சிவப்பு, மேலுதடு புண்.
தூக்கம் வராத மாத்திரைதான், தினம் ஒன்று என்றேன்.
ஃபெக்சோஃபெனடின்.
அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

இரண்டாம் முறை, "மருந்து கேட்கவில்லை."
அளவைக் கூட்டினேன்.
திரையில் ஓர் எண்ணை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாம் முறை கதவருகிலேயே நின்றார்.
நான்கு போடுகிறாராம், காலையில், மொத்தமாக.
"அண்ணன் வீட்டு அலமாரியில் பழைய மாத்திரை இருக்கிறது.
அதைப் போட்டால் தும்மல் நின்றுவிடும்.
நானும் நின்றுவிடுவேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் எனக்கு வேலை, டாக்டர்.
காலுக்கடியில் கண்ணாடித் தரை,
அதற்கும் அடியில் கன்டெய்னர்,
கன்டெய்னருக்கு அடியில் ஆட்கள்."

கிரேன் ஓட்டுகிறவர் என்பது
எனக்கு அப்போதுதான் தெரியும்.
'துறைமுகம்' என்று படிவத்தில் இருந்தது. படித்திருந்தேன்.
துறைமுகத்தில் காவலாளியும்தான் இருக்கிறார்,
கணக்கெழுதுகிறவரும்தான்.

மெர்வி அவரைப் படுக்கவைத்து மார்பில் ஒயர் ஒட்டினாள்.
காகிதத்தில் இதயம் ஒழுங்காக நடந்தது.
சிறுநீரகத்துக்கு ரத்தம் எடுத்தோம்.
அவர் சட்டைப் பொத்தானைப் போடும்போது
சும்மாதான் கேட்டேன்,
பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று:
"எதோடு விழுங்குகிறீர்கள்?"

முகம் மலர்ந்துவிட்டது அந்த மனிதருக்கு.

ஆப்பிள் ஜூஸ். சொந்தத் தோட்டம், ஆறு மரம்.
பச்சையாகக் கடித்தால் தொண்டை அரிக்கும்,
பிர்ச்சுக்கும் ஆப்பிளுக்கும் ஏதோ உறவாம்,
அதனால் இலையுதிர் காலத்தில்
மூன்றடுக்குப் பாத்திரத்தை அடுப்பிலேற்றி
ஆவியில் வேகவைத்துச் சாறு இறக்குவார்.
வெந்த சாறு அரிப்பதில்லை.
நாற்பத்தொரு பாட்டில்.
தினமும் காலையில் பெரிய கிளாஸ் நிறைய,
அதில்தான் மாத்திரை.
"கிரேப்ஃப்ரூட் கூடாதென்று எங்கோ படித்தேன்.
இது வெறும் ஆப்பிள்தானே?"

வெறும் ஆப்பிள்தான்.
குடலில் இந்த மருந்தைக் கைபிடித்து
உள்ளே கூட்டிப்போகும் வாசல்காரன்
ஆரஞ்சைக் கண்டாலும் கிரேப்ஃப்ரூட்டைக் கண்டாலும்
ஆப்பிளைக் கண்டாலும்
கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவான்.
பாதி மாத்திரைக்கு மேல் வெளியிலேயே கிடக்கும்.

மருந்து கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு உறுத்தியது அதுகூட இல்லை.
நாற்பத்தொரு பாட்டிலும் தீர்ந்த மறுநாள்,
குழாய்த் தண்ணீரோடு அவர்
அதே நான்கை வாயில் போட்டிருப்பார்.
அன்று நான்குமே உள்ளே போயிருக்கும்.
தூங்கவைக்காத மருந்து என்று
பெட்டியில் அச்சடித்திருக்கிறது.
அதை எழுதித் தருகிறவளைப் பற்றி
பெட்டியில் எதுவும் இல்லை.

ரத்தப் பரிசோதனை நன்றாகவே வந்தது.
ஒன்றே ஒன்று, தண்ணீரோடு, என்றேன்.
ஜூஸ் சாயங்காலத்துக்கு.
அண்ணன் வீட்டு மாத்திரை மருந்துக்கடைக்குத் திரும்பட்டும்.
"தண்ணீருக்கு ருசியே இல்லையே" என்றார்.
பத்து நாள் கழித்துப் போன் செய்தார்.
பின்னால் கடற்காக்கைகள், ஒரு சைரன்.
பேசி முடிக்கும் வரை தும்மவில்லை,
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை.
கண்ணாடி வழியாகக் கீழே
கப்பலின் பெயரைப் படிக்க முடிகிறது என்றார்.

மெர்வியிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார்.
எனக்கும் மே மாதத்தில் இதே மாத்திரைதான்.
பாட்டிலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது,
தச்சனின் பென்சிலால் எழுதியது போலத் தடித்த எழுத்து:
டாக்டர், இதோடு வேண்டாம்.